முள்ளில்லாத மீன்

அந்த வீட்டு மீனுக்கு முள் கிடையாது. தெரு முழுக்கத் தெரிந்த விஷயம் இது. விரல் நீளம்தான் இருக்கும், வெள்ளியாய் மின்னும் பொடிமீன். தலை உண்டு, வால் உண்டு, முறைத்துப் பார்க்கிற கண்ணும் உண்டு. முள் மட்டும் இல்லை. பொரித்து வாயில் போட்டால் அப்படியே கரைந்து போகும்.

வீட்டுக்குத் தலைவியான தையல்காரம்மா இதற்குக் காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அலையே இல்லாத தண்ணீரில் சும்மா படுத்துக் கிடக்கிற மீனாம். படுத்தே கிடப்பதற்கு முதுகெலும்பு எதற்கு என்பது அவள் கேள்வி. எதிர்வீட்டுக்காரி அதே மீன்காரம்மாவிடம், அதே கூடையிலிருந்து, அதே மீனை வாங்கிப் பொரித்துத் தின்றுவிட்டு, வாய் நிறைய முள்ளோடு நியாயம் கேட்க வந்தாள். "அதுக்கு நான் என்ன பண்றது? உங்க வீட்டு ராசி அப்படி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள் தையல்காரம்மா. அவளுடைய சின்ன மகன் பள்ளியில் படித்தபோது, மீனுக்கு முதுகெலும்பு உண்டா என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். 'எங்கள் வீட்டில் இல்லை' என்று எழுதிவிட்டு வந்தான். அந்தப் பாடத்தில் தேறவில்லை. ஆனால் சொன்ன சொல்லிலிருந்து இறங்கவும் இல்லை. இப்போது அவன் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ கட்டடங்களில் மேலும் கீழும் போய் வந்தவன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தரைத்தளத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

மீனுக்கு முள் இல்லாமல் போன மர்மம் உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பெரிய மருமகள். வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் நத்தை.

பெயர் பொருத்தம்தான். மற்ற நாட்களில் பம்பரமாய்ச் சுழல்கிறவள், மீன் வாங்கிய அன்று மட்டும், மீன்காரம்மா இருட்டோடு வந்து கூடையை இறக்கியதுமே, விடிவதற்கு முன்பே சமையலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். தெருவில் எல்லா வீட்டிலும் சாப்பிட்டுக் கைகழுவி வெற்றுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். இந்த வீட்டில் எண்ணெய்கூடக் காய்ந்திருக்காது. கூடத்தில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே மாமியார் குரல் கொடுப்பாள்.

"ஏண்டி நத்தை, மீன் பொரியுதா, இல்ல இன்னும் நீந்திக்கிட்டுதான் இருக்கா?"

உள்ளேயிருந்து பதில் வராது. வராததற்குக் காரணம் இருந்தது. அந்த நேரத்தில் அவள் ஒரு மீனின் வயிற்றோரத்தை நகத்தால் கீறி, சின்ன இடுக்கியின் நுனியால் நடுமுள்ளைக் கவ்வி, தலைப்பக்கம் மெல்ல முறித்து, சதை கிழியாமல் உருவிக்கொண்டிருப்பாள். மூச்சு விட்டால் மீன் பிளந்துவிடும். உருவிய பிறகு, பிரிந்த இரண்டு பக்கத்தையும் ஒட்டி அழுத்தி, மாவில் புரட்டி வைத்தால், பெற்ற தாய் மீனுக்கே அடையாளம் தெரியாது. பிறகு அடுத்த மீன். அதற்கு அடுத்தது. கூடையில் ஒரு படி மீன் இருக்கும்.

அந்த இடுக்கி அவள் கணவருடையது. அவர் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். அவர் தூங்கும்போது வேலைப் பையிலிருந்து எடுப்பாள். அவர் கடைக்குக் கிளம்புவதற்குள் சோப்புப் போட்டுக் கழுவித் திரும்ப வைத்துவிடுவாள். ஆனால் மீன் வாசனை சோப்புக்கெல்லாம் பயப்படுகிற சாதியா? அவர் பழுது பார்த்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறவர்களின் பின்னாலேயே பூனைகள் போக ஆரம்பித்தன. ஒருவர் அலுவலகத்துக்குள் மூன்று பூனையோடு நுழைந்து, பிறகு கடைக்கு வந்து புகார் சொன்னார்: "கடிகாரம் நல்லா ஓடுதுங்க. பூனைதான் நிக்க மாட்டேங்குது." கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு தூசியில் பாதியளவு பழுதைக்கூடக் கண்டுபிடிக்கிற அந்த மனிதர், பெண்டாட்டியின் விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாய்க் குத்துப்பட்டிருப்பதை ஒரு நாளும் கண்டுபிடிக்கவில்லை. அந்த லென்ஸை வீட்டில் மாட்டிக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு? சின்னவனுக்காக.

அவள் மருமகளாய் வந்து இறங்கியபோது கொழுந்தன் கால்சட்டைப் பையன். எலும்பும் தோலுமாய் இருந்தான். அவள் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு மீன் சாப்பிடும்போது தொண்டையில் முள் சிக்கி, முகமெல்லாம் நீலம் பாரித்து, டாக்டர் இழுத்து எடுத்துத்தான் உயிர் பிழைத்தானாம். அன்றோடு வீட்டில் மீனுக்குத் தடை. ஆனால் பிள்ளையோ மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காது என்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். கணவரை இழந்து, மிஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கின தையல்காரம்மா அதற்கு மட்டும் மசியவில்லை. பையன் கரைந்துகொண்டே போனான். அதைப் பார்க்கச் சகிக்காமல் புது மருமகள் ஒரு நாள் வாய்கூசாமல் ஒரு பொய் சொன்னாள்: "அத்தை, முள்ளே இல்லாத மீன் ஒண்ணு இருக்கு. எங்க ஊர்ப் பக்கம் எல்லாரும் அதான் சாப்பிடுவாங்க. நான் பார்த்து வாங்கறேன்."

ஒரு நாளைக்குத்தான் சொன்னாள். அந்த ஒரு நாள் அப்படியே நீண்டு, பையனுக்கு மீசை முளைத்து, உத்தியோகம் கிடைத்து, கல்யாணமும் ஆகிவிட்டது. நடுவில் எத்தனையோ தடவை உண்மையைச் சொல்லிவிட நினைத்தாள். ஆனால் அதற்குள் மாமியார் தெரு முழுக்கப் பெருமையடித்து முடித்திருந்தாள். இப்போது சொன்னால் அந்த அம்மா தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? ஆகவே நத்தை என்ற பெயரோடு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள்.

சின்ன மருமகள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பஸ் கண்டக்டர். பிதுங்கி வழிகிற பஸ்ஸில் முன் படியிலிருந்து பின் படிக்கு ஊசி நூல் கோர்க்கிற மாதிரிப் போய் வருகிறவள். வீட்டிலும் அதே வேகம். காபி கொடுத்த கை திரும்புவதற்குள் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும். 'இந்த வீட்டு மீனுக்கு முள் கிடையாது' என்று புருஷன் பெருமையாய்ச் சொன்னதை அவள், பொண்டாட்டியிடம் எல்லா ஆண்பிள்ளையும் அடிக்கிற அளப்பில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். மீன் வாங்கிய நாளெல்லாம் அவளுக்கு டியூட்டி இருந்ததால் தின்று பார்க்க வாய்க்கவில்லை.

அன்று அவளுக்கு விடுமுறை. மீன்காரம்மாவும் அன்று விடிந்த பிறகுதான் வந்தாள். பெரிய மருமகள் வழக்கம்போல் இடுக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனபோது, வாசலை மறித்துக்கொண்டு மாமியார் நின்றாள்.

"நீ போய்த் துணி காயப் போடு. இன்னைக்கு சின்னவ சமைக்கட்டும்."

"அத்தை, மீனு வந்திருக்கு. அதை மட்டும் நான்..."

"மீனுக்குத்தான் சொல்றேன். உன் மீனைத் தின்னணும்னா பசியையே ஊறுகாய் போட்டு வைக்கணும்." அதோடு விடவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததையும் கொட்டினாள். இனி சமையலறை சின்னவளுக்கு. பெரியவனும் பெண்டாட்டியும் கடைக்கு மேலே இருக்கிற அறைக்குக் குடிபோகலாம். அவரவர் வேகத்துக்கு அவரவர் வாழட்டும்.

கடைக்கு மேலே அறை என்றால் என்ன, நாலு சுவர்தான். அதற்குப் பெரிய மருமகள் அஞ்சவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் தட்டு? அதை இனி யார் பார்ப்பார்கள்? கையில் ஈரத்துணி வாளியைத் திணித்து மாடிக்கு அனுப்பினார்கள். சரி, மேலே போட்டுவிட்டு ஒரே ஓட்டமாய் வந்து சின்னவளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். மீன் கழுவி முடிக்கவே நேரமாகும் என்று கணக்குப் போட்டாள். அவள் கணக்கு நத்தைக் கணக்கு. கீழே நின்றது கண்டக்டர்.

மூன்றாவது புடவையை உதறும்போதே பொரிந்த வாசனை மாடி ஏறி வந்துவிட்டது.

அவள் இறங்கி வந்த வேகத்தை நேரில் பார்த்திருந்தால் நத்தை என்ற பெயரை வைத்தவர்கள் திரும்ப வாங்கியிருப்பார்கள். கூடத்தில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். "பாத்தீங்களா, கைன்னா இப்படி இருக்கணும்!" என்று மாமியார் பூரித்துப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவன் தட்டில் மீன் மலையாய்க் குவிந்திருந்தது, தலையோடும் வாலோடும், நடுவில் இருக்கிற எல்லாவற்றோடும். ஒரு கைப்பிடி அள்ளி வாய்க்குக் கொண்டு போனான்.

பெரிய மருமகள் ஓடி வந்து அவன் கையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

தட்டு எகிறியது. மீன்கள் பறந்தன. ஒரு மீன் தையல் மிஷின் சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று அவள் கணவரான மூத்தவரின் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில், தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தட்டு மட்டும் கூடத்தின் நடுவில் நின்று சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படுத்தது. அவள் இடுப்பிலிருந்து எதுவோ 'கிளிங்' என்று விழுந்ததை மூத்தவர் மட்டும் குனிந்து எடுத்தார்.

முதலில் அழுதது சின்ன மருமகள். எண்பது பேர் ஏறிய பஸ்ஸில் எல்லோரையும் அதட்டுகிறவள், "நான் என்ன தப்பு பண்ணேன்க்கா? முதல் தடவையா சமைச்சேன்..." என்று குழந்தை மாதிரித் தேம்பினாள். மாமியாருக்கு நாக்கு கட்டவிழ்ந்தது. வயிற்றெரிச்சல் என்றாள், பொறாமை என்றாள், இத்தனை வருஷம் சோறு போட்டது பாம்புக்கா என்றாள். சாப்பிடுகிற கையைத் தட்டிவிடுகிறவள் மனுஷியே இல்லை, இந்த நிமிஷமே வீட்டை விட்டுப் போகட்டும் என்றாள். அதெல்லாம் பெரிய மருமகளுக்குப் பழகிய மழை. நனைந்துகொண்டு நின்றாள்.

சின்னவன் எழுந்தான். அடிபட்ட கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அண்ணி... நீங்களா?"

அவ்வளவுதான் கேட்டான். அதில்தான் அவள் உடைந்தாள். வாயைத் திறந்தாள், மாமியாரின் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். திரும்பிப் போய்த் துடைப்பத்தை எடுத்து வந்து, சிந்தியதைப் பெருக்கக் குனிந்தாள். போவதற்கு முன்னால் இந்த முள் எதுவும் யார் காலிலும் குத்தக்கூடாது, அவ்வளவுதான் அவள் நினைப்பு.

"தொடாதே! என் மருமக பொரிச்சதை நானே தின்னு காட்டறேன், நீ பாரு" என்று மாமியார் கூடத்தில் இறக்கி வைத்திருந்த வாணலியிலிருந்து ஒரு மீனை எடுத்து, முழுசாய் வாயில் போட்டு ஒரு கடி கடித்தாள்.

கடித்தவள் அப்படியே நின்றாள். கண் விரிந்தது. தாடை அசையவில்லை. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, மெதுவாய் எதையோ வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சீப்பின் குட்டி மாதிரி இருந்தது அது.

"இதென்னடி?"

"முள்ளு அத்தை" என்றாள் சின்ன மருமகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"முள்ளா? நம்ம மீன்லயா?"

"மீன்னா முள்ளு இருக்கும்தானே அத்தை?"

மேல்நாட்டில் பூமி உருண்டை என்று முதல்முதலில் சொன்னபோதுகூட ஜனங்கள் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டான். மீன்காரி வேறு மீனைத் தலையில் கட்டிவிட்டாள் என்று முடிவுகட்டி, தையல்காரம்மா வாசலுக்குப் பாய்ந்தாள். நல்லவேளையாக மீன்காரம்மா தெருக்கோடி வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். கூடையோடு அவளைக் கூடத்துக்கே இழுத்து வந்து, முள்ளை முகத்துக்கு நேரே நீட்டி, எந்தக் குட்டையில் பிடித்த மீன் இது என்று கேட்டாள்.

மீன்காரம்மா முள்ளைப் பார்த்தாள். சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கிற மீனைப் பார்த்தாள். வீட்டுக்காரர்கள் முகங்களையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்.

"எப்பவும் குடுக்கிற மீன்தாம்மா. முள்ளில்லாம மீனா? அது புழு. நான் புழு விக்கறதில்ல."

அவள் போனதும் மூத்தவர் மெதுவாய் எழுந்தார். கையிலிருந்த இடுக்கியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். சட்டைப்பையிலிருந்த லென்ஸை எடுத்து, வீட்டுக்குள் முதல் தடவையாய்க் கண்ணில் மாட்டிக்கொண்டு, பெண்டாட்டியின் கையைப் பிடித்துத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். லென்ஸுக்கு உள்பக்கம் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"அம்மா, மீனுக்கு எப்பவும் முள்ளு இருந்திருக்கு" என்றார். "இவ எடுத்திருக்கா. ஒண்ணொண்ணா. இதை வச்சு."

சின்னவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்காகவா அண்ணி? கதவைச் சாத்திக்கிட்டு... விடியறதுக்கு முன்னாடியே... எல்லா மீனையுமா?"

"உனக்கு ஒரு தடவை சிக்கிச்சே தம்பி" என்றாள் அவள். வேறு விளக்கம் அவளிடம் இல்லை.

அவன் அவள் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். சின்ன மருமகள் இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டாள். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு ஆள் மட்டும் கிட்டே வரவில்லை.

தையல்காரம்மா மிஷின் பக்கத்தில் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தாள். உலகத்தில் குண்டூசியை வாயில் கவ்வாத தையல்காரி அவள் ஒருத்திதான். ஊசிகளை எல்லாம் ஒரு சோப்புக் கட்டியில் குத்தி வைத்திருப்பாள். தையல் கற்க வந்த பெண் யாராவது ஊசியை உதட்டில் வைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். சுத்தம் பார்க்கிறவள் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த சோப்புக் கட்டியைக் கையில் எடுத்தாள்.

"அது முள்ளு இல்லடி..."

"எது அத்தை?"

"அன்னைக்கு இவன் தொண்டைல சிக்கினது. முள்ளு இல்ல. குண்டூசி."

அந்த நாளில் அவளும் வாயில் ஊசிகளைக் கவ்வியபடியே குனிந்து பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறாள். 'வாயைத் திற' என்று சொல்லத் தன் வாயைத் திறந்தபோது ஒன்று நழுவிக் கவளத்தில் விழுந்தது. டாக்டர் எடுத்து அவள் உள்ளங்கையில்தான் வைத்தார். வெளியே தெருவே கூடி நின்றது. பெற்றவளே பிள்ளைக்கு ஊசியை ஊட்டிவிட்டாள் என்று சொல்வார்களே என்று பயந்து, முள் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற மீனையே வீட்டை விட்டு விரட்டினாள்.

"நான் ஒரு பொய் சொன்னேன். அதுக்கு நீ இத்தனை வருஷம் உன் விரலால பதில் சொல்லியிருக்கே. உன்னையா நத்தைன்னேன்... உன்னையா போகச் சொன்னேன்... நான்தாண்டி போகணும்." சொன்னதோடு நிற்கவில்லை, உண்மையாகவே செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

பெரிய மருமகள் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். இல்லாத முள்ளுக்குப் பயந்து இருக்கிற முள்ளையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தோமா? அழுவதா, சிரிப்பதா, சண்டை போடுவதா? மூன்றுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது. மூத்தவர், சின்னவன், சின்னவள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் மெதுவாய்ப் போய், மாமியார் காலில் மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தாள்.

"எங்க போவீங்க? ஊசி நூல் கோர்க்கவே கண்ணு தெரியல உங்களுக்கு. உக்காருங்க."

மாமியார் அவள் தோளில் விழுந்து கதறினாள். அந்த வீட்டில் தையல் மிஷின் சத்தத்தை மீறி ஒரு சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள்.

அழுது ஓய்ந்த பிறகு சின்னவன் வாணலியிலிருந்து ஒரு மீனை எடுத்தான். அண்ணியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். அவன் மென்றான். மொறுமொறுவென்று சத்தம் வந்தது. விழுங்கினான். எல்லோரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. "நல்லா முறுகவிட்டா முள்ளும் சேர்ந்து பொரிஞ்சிடும், பொடிமீனுக்கு அதுதானே அழகு" என்றாள் சின்ன மருமகள். அவன் அடுத்ததை எடுத்தான், அதற்கு அடுத்ததை. இத்தனை ருசியா முள்ளுக்கு?

அப்போதுதான் பெரிய மருமகள் புடவைத் தலைப்பின் நுனியைத் திருகிக்கொண்டே மாமியார் காதருகே குனிந்தாள்.

"அத்தை, எனக்கும் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக்கூடாது."

"இனி உன்மேல எனக்கு என்னடி கோபம்?"

"எடுத்த முள்ளையெல்லாம் நான் தூக்கிப் போட்டதில்ல. உப்பு தடவி, தனியாப் பொரிச்சு... உள்ளேயே நின்னு நான்தான் தின்னேன். என் தொண்டைதானே, போனாப் போகுதுன்னு ஒரு நாள் ஆரம்பிச்சேன். அப்புறம் விட முடியல. கதவு திறக்க லேட்டானதுல பாதி அதுனாலதான்."

அன்றைக்கு ஏற்பட்ட அதிர்ச்சிகளிலேயே இதுதான் பெரியது. தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடிப்பாவி. இத்தனை வருஷமா எங்களுக்குச் சக்கையைப் போட்டுட்டு, எனக்கு ஒண்ணுகூட எடுத்து வைக்கலையே..."

சொல்லிவிட்டு அவளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கடைக்கு மேலே இருக்கிற அறையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. சின்னவன் சாப்பிட்ட கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போய், சமையலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான்.